இரண்டாவது கிலோமீட்டர் பெஞ்சு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பைப் பற்றி நான் விசாரிக்க வேண்டியதில்லை. மரநிழலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்துப் பாதை எழுதுவதையே வேலையாக வைத்திருக்கிறவனுக்கு என்ன வந்துவிடப்போகிறது? என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நீ லாரியில் போட்டனுப்பிய, இரண்டு பேர் மிதிக்கிற இரட்டை சைக்கிள் புதன்கிழமை வந்து சேர்ந்தது. உன் அலுவலகம் கழித்துக்கட்டிய வண்டி மாதிரியே இல்லை. செயினுக்கு எண்ணெய் விட்டேன், பின் இருக்கைக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்திலிருந்து ஒரு பழைய விரிப்பைக் கிழித்து உறை தைத்தேன். கிழிந்த விரிப்புகளை ஒட்டுப்போடுவதுதான் என் பிழைப்பு. ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது.

எந்த இருக்கை என்று அவரிடம் கேட்கவே தேவைப்படவில்லை. நேராகப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டார். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர் வேறு எங்கே உட்காருவார்? ஆனால் மிதிக்கவில்லை. "என்னங்க, போகலாமே" என்றேன். அசையவில்லை. அப்புறம்தான் புரிந்தது. கைப்பிடி மணியைக் கழற்றி என் பக்கம் மாட்டி, இரண்டு தடவை அடித்தேன். உடனே கிளம்பிவிட்டார். "ரைட் குடுக்காம வண்டி எடுக்கக் கூடாது கண்டக்டர், புதுசா நீங்க?" என்று திட்டும் வாங்கினேன்.

அண்ணா, மற்ற நேரத்தில் நான் யாரென்று அவருக்குத் தெரிவதில்லை. காலையில் எழுந்ததும் "நீங்க யாரு, எங்க வீட்ல என்ன பண்றீங்க?" என்கிறார். சைக்கிளில் போகும்போது மட்டும் நான் அவருடைய கண்டக்டர். பெண்டாட்டி இல்லை, ஆனாலும் தெரிந்த ஆள். அதுவே எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. டாக்டர் காப்பகத்தில் சேர்க்கச் சொல்கிறார். அவரால் மிதிக்க முடிகிறவரை சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஏரிகளும் வனக்காப்புக் காடும் உன் அலுவலகத்துக்குக் கீழேதான் வருகின்றன என்று சொல்லியிருக்கிறாய். மேடு இல்லாத, லாரி வராத ஒரு பாதை எழுதி அனுப்பு. முடிந்தால் பத்து நாள் வந்து இரு. மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். போனில் கூப்பிடாதே. மணி அடித்தாலே டிப்போவிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போனைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

உன் வாயாடி

●

பிப்ரவரி 13

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. பனிச் சளியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து உன்னைத் திட்டினார் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். உன்னைத் திட்டுவதற்கு ஒரு ஆளாவது இருக்கிறாரே.

நீ கேட்டதற்கு எங்கள் அலுவலகத்தில் 'மென்வழி' என்று பெயர். அந்த முத்திரை விழ வேண்டுமானால், ஓட்டுகிறவர் பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அதற்குப் பேச்சு வேகம் என்பார்கள். எனக்குப் பக்கத்தில் யார் வருகிறார்கள்? தனியாகவே பேசிக்கொண்டு போவேன். போன வாரம் ஒரு வனக்காவலர் நிறுத்தி, "யாரோட சார் பேசுறீங்க?" என்றார். "தங்கச்சியோட" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

பெரிய ஏரியைச் சுற்றி வரும் பன்னிரண்டு கிலோமீட்டர் பாதைக்கு நாங்கள் எழுதிய வழி அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். ஏரி எப்போதும் உன் இடது கைப் பக்கம் இருக்கும். வழி தவறவே முடியாது. மூன்று, ஆறு, ஒன்பதாவது கிலோமீட்டர்களில் பெஞ்சு. ஆறாவதில் குடிநீர்க் குழாய். ஒன்பதாவதைத் தாண்டியதும் நாணல் புதர். அங்கே நீர்க்கோழிகள் இருக்கும், மெதுவாகப் போங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் முகத்தில் வெயில் படாது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

●

மார்ச் 9

அன்புள்ள நத்தை அண்ணாவுக்கு,

உன் சளி சரியாகியிருக்கும். அவருக்கு நாக்கில் ருசி குறைந்துவிட்டது, கால் மட்டும் நன்றாக இருக்கிறது.

நீ அனுப்பிய அட்டையை என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்து பிடுங்கி, ஒரு துணிக் கிளிப்பால் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார். அதுதான் இப்போது அவருடைய டிரிப் ஷீட். நீ பெஞ்சு என்று எழுதிய இடமெல்லாம் ஸ்டாப். ஒவ்வொரு பெஞ்சிலும் காலை ஊன்றி நிறுத்தி, இரண்டு நிமிஷம் கணக்காக நிற்கிறார். "மெதுவா, மெதுவா ஏறுங்க. பெரியவருக்கு இடம் விடுங்க" என்று காலிப் பெஞ்சைப் பார்த்துச் சொல்கிறார். ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மா பயந்து ஒதுங்கிப் போனார். நான் மணி அடித்தால் கிளம்புகிறார். நீர்க்கோழிகளைப் பார்த்து "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றேன். அண்ணா, அவர் சிரித்தார்! பழைய சிரிப்பு. அன்று முழுக்கக் கூடத்தில் என் ஊசி தானாக ஓடியது.

ஆனால் பன்னிரண்டு ரொம்ப நீளம். ஒன்பதாவது தாண்டியதும் மிதிப்பது எப்படி என்பதே மறந்துவிட்டது. காலைப் பார்க்கிறார், பெடலைப் பார்க்கிறார். மிச்சத்துக்கு நான் ஒருத்தியே மிதித்தேன். பாதியாகக் குறைத்து ஒன்று அனுப்பு.

நான் வேலைக்குப் போகிற நேரம் எதிர்வீட்டு நர்ஸம்மா பார்த்துக்கொள்கிறார். போன செவ்வாய் அவர் குளிக்கப் போன நேரத்தில் இவர் பழைய யூனிபார்மைப் போட்டுக்கொண்டு டிப்போ வரைக்கும் போய்விட்டார். அங்கே யாரோ அடையாளம் தெரிந்து, அவர் ஓட்டிய அதே ரூட் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். "என் சீட்ல வேற ஒருத்தன் உக்காந்திருக்கான்" என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

போன கடிதத்தில் வரச் சொல்லிக் கேட்டிருந்தேன். உன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. இப்போது பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: பத்து நாள் வந்து இரு.

உன் வாயாடி

●

மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஏரிக்கரையில் போவதை மனக்கண்ணில் பார்த்தேன். எங்கள் அதிகாரியிடம் காலிப் பெஞ்சு விஷயத்தைச் சொன்னேன். "நம்ம அட்டைய இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் படிச்சதில்ல" என்றார்.

வனக்காப்புக்குள் ஏழு கிலோமீட்டர் சுற்று ஒன்று இருக்கிறது. செம்மண் பாதை, ஆனால் இறுகிய மண், சக்கரம் புதையாது. இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், அதனால் காற்று எதிர்த்து அடிக்காது. பெஞ்சு இரண்டே இரண்டு. நாலாவதில் குழாய். நாலரையில் ஒரு மரப்பாலம் வரும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

இங்கே தலைக்கு மேல் வேலை. கணக்கு வருஷக் கடைசி, பழைய அட்டைகளையெல்லாம் புதுப்பிக்கச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

●

மே 2

அண்ணாவுக்கு,

ஏழு வாரத்துக்கு மேலாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் பேனாவை வாங்கி சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார். இப்போது கூடத்தில், மதிய இடைவேளையில் எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா?

வனக்காப்புப் பாதையில் ஐந்து ஞாயிறு போனோம். முதல் மூன்று நன்றாகவே இருந்தது. நாலாவது வாரம் ஒரு கூத்து நடந்தது. நாலாவது கிலோமீட்டரில் குழாய் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் பிடுங்கிவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவர் குழாயைக் காணோம் என்று நின்றுவிட்டார். மணி அடித்தேன், கெஞ்சினேன், திட்டினேன். "ஷீட்ல போட்டிருக்கு கண்டக்டர். ஸ்டாப்ப விட்டுட்டுப் போனா மெமோ குடுப்பான்" என்று ஒரே பிடி. ஒன்றரை மணி நேரம். கடைசியில் வேலையாள் ஒருவர் குழாயை எடுத்துவந்து காட்டிய பிறகுதான் கிளம்பினார்.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. கேள். அவருக்கு இப்போது உலகத்தில் மிச்சமிருப்பது அந்த அட்டை ஒன்றுதான். நீ எழுதினது அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தேடுவார்.

ஏழும் முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்ன ஏரி இருக்கிறதே, அதற்கு ஏதாவது அட்டை இருக்கிறதா? போய்த் திரும்பி நாலு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். பழையதைப் பார்த்து எழுதாதே. நீயே வந்து ஓட்டிப் பார்த்து எழுது. முன்னறையைக் காலி செய்து கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். ஏரிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தே பத்து நிமிஷம்தான்.

இது மூன்றாவது தடவை. இனிமேல் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தங்கை

●

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்களும் இருக்கிற நிலைமையில் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சின்ன ஏரிக்கான அட்டை இதோடு இருக்கிறது. போன திங்கட்கிழமை நானே ஓட்டிப் பார்த்தேன். அலுவலக வேலையாக வந்தது. மதிய ரயிலையே பிடிக்க வேண்டியிருந்ததால் வீட்டுக்கு வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

மதகுக்குப் பக்கத்தில் தொடங்கு. கரை மேலேயே நேர்ப்பாதை, கிளைவழி கிடையாது. முதல் கிலோமீட்டரில் ஒரு படித்துறை. இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பெஞ்சு, ஏரியைப் பார்த்த மாதிரி. அங்கேயே திரும்பிவிடலாம். மேடே இல்லை. மாப்பிள்ளை தாராளமாகப் பேசிக்கொண்டே ஓட்டலாம்.

அண்ணன்

●

மே 27

அண்ணாவுக்கு,

எங்கள் நலத்துக்கு என்ன, பத்து நிமிஷ நடையில்தான் இருக்கிறது. நீதான் வந்து பார்க்கவில்லை.

ஏரி வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போக உனக்கு எப்படி மனசு வந்தது? படித்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது. அப்புறம் நர்ஸம்மா சொன்னார்: "உங்க அண்ணன் வீட்டுக்கு வரலன்னா என்ன, உங்களுக்காக வெயில்ல வந்து ஓட்டிப் பாத்திருக்காரே. அதப் பாருங்க." சரிதான் என்று பட்டது. அம்மா படுத்திருந்தபோதுகூட நீ செய்யாததை இப்போது செய்திருக்கிறாய். அதனால் மன்னித்துவிட்டேன். கால்வாசிதான்.

அவர் அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறார். "நாலு கிலோமீட்டர்தான் கண்டக்டர், ஈசி டிரிப்பு" என்று நேற்று என் தோளில் தட்டினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்னைத் தொட்டார் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கை உனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

வரும் ஞாயிறு போகிறோம்.

வாயாடி

●

ஜூன் 19

அண்ணாவுக்கு,

அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எனக்கு இடது மணிக்கட்டில் கட்டு. வலது கையால் எழுதுவதால் எழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மதகில் தொடங்கினோம். படித்துறையில் இரண்டு நிமிஷம் நின்றோம். ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார், அவரிடம் இவர் "ஏறலையா?" என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாகவே போனது. இரண்டாவது கிலோமீட்டர் கல் வந்தது. பெஞ்சு இல்லை.

நான் மணியை ஒரு தடவை அடித்தேன், நிறுத்துவதற்கு. "பெஞ்சு வரலையே" என்றார். "இதுதாங்க கடைசி ஸ்டாப்பு, திரும்பிடலாம்" என்றேன். "ஷீட்ல பெஞ்சு போட்டிருக்கு. கொஞ்சம் தள்ளி இருக்கும்" என்று மிதித்தார். அந்த மாதிரி அவர் மிதித்து நான் பார்த்ததில்லை. பழைய கால் திரும்பி வந்தது போல மிதித்தார். பின்னால் இருக்கிறவளுக்கு பிரேக் கிடையாது, உனக்கே தெரியும். முன்னால் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். அது அவர் கண்ணில் படவில்லை. கயிற்றைத் தாண்டி, கரையை வெட்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்தோம். ஆழம் என் உயரம் இருக்கும்.

கீழே கிடந்துகொண்டே, "பாசஞ்சருக்கு ஒண்ணும் ஆகலையே? எண்ணிப் பாருங்க" என்றார். "ஒண்ணும் ஆகல" என்றேன்.

தூக்க வந்த வேலையாட்களில் ஒருவரிடம் பெஞ்சைப் பற்றிக் கேட்டேன். "பெஞ்சா? கரைய வெட்ட ஆரம்பிச்சப்பவே எடுத்துட்டாங்கம்மா. ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

நீ எந்தத் திங்கட்கிழமை வந்து ஓட்டினாய்? அதை மட்டும் எழுது.

தங்கை

●

ஆகஸ்ட் 11

தங்கைக்கு,

உன் கையும் மாப்பிள்ளையின் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் ஓட்டவில்லை. எந்தத் திங்கட்கிழமையும் வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய அட்டையை எடுத்து, மேஜையில் உட்கார்ந்து பிரதி எடுத்தேன். அதில் பெஞ்சு இருந்தது.

இதை எழுத எனக்கு ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எத்தனையோ சாக்கு எழுதிப் பார்த்தேன். கரை வேலையைப் பற்றி எங்களுக்குத் தகவல் தரவில்லை என்று ஒன்று. பெஞ்சை இடம் மாற்றியிருப்பார்கள் என்று இன்னொன்று. எதையும் தபாலில் போட முடியவில்லை.

ஏன் வரவில்லை என்று நீ கேட்பாய். ஏரிக்கு வந்தால் உன் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும், அதனால்தான். மாப்பிள்ளை என்னை யாரென்று கேட்பார். நீ என் முகத்தைப் பார்ப்பாய். ராத்திரி அவருக்கு ஈரத்துணி மாற்றும்போது நான் அந்த அறையில் இருக்க வேண்டும். அம்மா படுத்திருந்த ஏழு மாதமும் வெளியூரில் பாதை பார்க்கிறேன் என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேனே, அப்போது எங்கள் அலுவலகத்தில் மொத்தமே நாலு பாதைதான் பார்த்தோம். மிச்ச நாளெல்லாம் இந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம். வேறு பெயர் எதுவும் அதற்குக் கிடையாது. நீ திட்டு. எவ்வளவு திட்டினாலும் படிக்கிறேன்.

இந்தத் தடவை வருகிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தேதியை மட்டும் நீ சொல்.

அண்ணன்

●

ஆகஸ்ட் 25

அண்ணாவுக்கு,

என் மணிக்கட்டு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. ஊசி பிடிக்க முடிகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. பிறகு அதை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ உண்மையை எழுதினாய், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாலு வரியை எழுத உனக்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவள்தானே.

அவரைக் காப்பகத்தில் சேர்த்து ஒரு மாதம் ஆகிறது. இனி நடக்க மாட்டார், மிதிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆறு கட்டில் போட்ட அறை. ஜன்னல் பக்கத்துக் கட்டில் கேட்டேன், கொடுத்தார்கள். நாள் முழுக்கப் பேசாமல் இருக்கிறார். என்னைப் பார்த்தால் நர்ஸ் என்று நினைத்துக் கையை நீட்டுகிறார், ஊசி போடுவதற்கு. நான் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன். அங்கே விரித்திருக்கும் விரிப்பு எங்கள் கூடத்தில் நான் ஒட்டுப் போட்டது. என் தையல் எனக்குத் தெரியாதா?

பார்வை நேரம் தினமும் நாலிலிருந்து ஆறு வரை. செப்டம்பர் 12, வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. மூன்றரைக்குள் வீட்டுக்கு வந்துவிடு, சேர்ந்து போகலாம். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அவரிடம் பேசக்கூட வேண்டாம். அந்த அறைக்குள் இனியும் தனியாக நுழைவதற்கு எனக்குக் கால் வரவில்லை, அண்ணா. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

காத்திருப்பேன்.

தங்கை

●

செப்டம்பர் 15

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை என்னை எதிர்பார்த்து ஏமாந்திருப்பாய். கடைசி நேரத்தில் லீவு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஊரை விட்டே நகர முடியவில்லை. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். மனசு முழுக்க அங்கேதான் இருந்தது. அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன். இந்தத் தடவை என்னை நம்பு.

உடம்பைக் கவனித்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அண்ணன்

●

செப்டம்பர் 22

அண்ணாவுக்கு,

நீ நன்றாகத்தான் இருக்கிறாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. அலுவலகப் பச்சைத் தொப்பி அதை மறைக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று இருபதுக்கு நீ எங்கள் தெருமுனையில் வந்தபோதே ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். எதிரே சாவிக் கடை ஓரமாக நின்றாய். அண்ணாந்து பார்த்தாய். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு, உன் செருப்புச் சத்தம் கேட்கும் என்று படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். நாலு மணி ஆயிற்று. மறுபடி ஜன்னலுக்கு வந்தேன். நீ கடைக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு திரும்பி நடந்தாய். கூப்பிட்டிருக்கலாம். பிப்ரவரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்?

நீ சிகரெட் வாங்கப் போயிருப்பாய், திரும்பி வருவாய் என்று ஆறு மணி வரை கதவைச் சாத்தவில்லை. ஆறரைக்குச் சாவிக் கடைக்காரர் ஒரு பழப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒருத்தர் குடுக்கச் சொன்னாரும்மா. யாருன்னு சொல்ல வேணாம்னாரு." அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழங்களை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பார்த்துக்கொள்கிற பெண் சொன்னாள்: "நேத்து அஞ்சு மணிக்கு அய்யா வாயத் தொறந்து பேசினாரும்மா. 'இன்னைக்கு யாரும் வரலையா?'ன்னு கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு." சேர்த்ததிலிருந்து அவர் பேசியது அது ஒன்றுதான். நேற்று வரைக்கும் வேறு எதுவும் பேசவில்லை. இனிமேல் பேச மாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். அந்த நேரத்தில் நான் திறந்த கதவுக்குப் பக்கத்தில் உனக்காக உட்கார்ந்திருந்தேன்.

உன் மேல் இப்போது கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வராதபோது வந்ததாக எழுதினாய். வந்தபோது வரவில்லை என்று எழுதுகிறாய். எழுதாதே என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் தபால் போட வேறு யார் இருக்கிறார்கள்? எழுதினால் படிப்பேன். நம்ப மாட்டேன்.

தங்கை